ஒரே வாங்கில்

சென்ற ஆவணி விடுமுறையில் கொழும்பிலிருந்து வந்திருந்த என் தமக்கையின் மகனைக் காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். பதினைந்து வயதுப் பையன். கடலிற் குளித்த பசி வேறு. யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை பொறுக்கமாட்டேன் என்று அவன் பிடிவாதம் பிடிக்கவே, சங்கானையில் பஸ்ஸை விட்டிறங்கிச் சந்தைக்கருகே ஒரு சிறு சாப்பாட்டுக்கடைக்குள் நுழைந்தோம்.

நீண்ட மேசை, இருபுறமும் வாங்குகள். கடையின் தோற்றம் அவனுக்குப் பிடிக்கவில்லை. மண்வெட்டியை வாசலிற் சார்த்திவிட்டு வந்திருந்த முதியவர் ஒருவர் ஒதுங்கி எங்களுக்கு இடம் தந்தார். குத்தரிசிச் சோறும் மீன் குழம்பும் முருங்கை இலை வறையும் சொதியும் வந்தன. முகஞ்சுளித்தவன் மூன்றாம் முறையும் சோறு கேட்டான். முதியவர் சிரித்தார்.

"வடிவாச் சாப்பிடுங்கோ தம்பி. உங்கட வயதில எனக்கு இப்பிடி உள்ளுக்க இருக்க விடேல்லை. வெளியில நிண்டு தகரப் பேணியிலதான் தேத்தண்ணி குடிச்சனான்."

பையன் உண்பதை நிறுத்தி என்னைப் பார்த்தான்.

தேநீர்க்கடை முதலிய பொது இடங்களிற் சாதியின் பேரால் தடை விதித்தல் குற்றமென 1957 இலேயே சட்டம் கூறிற்று. ஆயினும் ஏட்டிலிருந்த சட்டம் வாங்கில் இடந் தரவில்லை. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிசார் தாக்கினர், ஊர்வலம் நிற்கவில்லை. தொடர்ந்து சங்கானை உட்படப் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் அணிதிரண்டு தேநீர்க்கடைகளுக்குள் நுழைந்தனர். அப்போராட்டத்தில் உயிர்களும் பலியாகின. அன்று நாங்கள் அமர்ந்திருந்த வாங்கின் வரலாறு அதுதான்.

இவையனைத்தையும் பஸ்ஸில் அவனுக்கு விளக்கினேன். ஆசிரியனல்லவா, நன்றாகவே விளக்கினேன். அவன் ஒரேயொரு கேள்வி கேட்டான்:

"அப்ப பூட்டன் எங்க இருந்தவர், மாமா?"

"உள்ளுக்க" என்றேன்.

அதற்குமேல் என்னாற் பேச முடியவில்லை. என் பேரனார் எவரையும் அடித்தவரல்லர். நாள்தோறும் உள்ளே அமர்ந்து தேநீர் அருந்தினார், வெளியே நின்றவர்களைக் கண்டார், எழுந்து வந்தார். அவ்வளவே. ஆனால் அத்தகைய நல்லவர்கள் பலர் உள்ளே அமர்ந்திருந்தமையாலன்றோ அக்கடைகள் அவ்வாறே நடந்தன! வகுப்பறையிற் சாதிக் கொடுமையைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். என் பேரனாரைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை.

அன்றிரவு பையன் தாயுடன் தொலைபேசியிற் பேசினான். மீன் குழம்பைப் பற்றி முதலிலும், பூட்டனைப் பற்றிப் பின்னரும் சொன்னான். சற்று நேரத்தில் தமக்கை என்னை அழைத்தாள்.

"ஏன் தம்பி, உந்தப் பழங்கதையளைப் பிள்ளைக்குச் சொன்னனீ?"

அவளைக் குறைகூற எனக்கு வாயில்லை. நானும் அதுவரை சொல்லாதிருந்தவனே. நம் வீடுகளில் எவரும் சொல்லாமையாலேயே அது பழங்கதை ஆகாமல் இருக்கிறது. திருமணப் பேச்சென்று வந்துவிட்டால் அந்த வாசற்படி இன்றும் தலைகாட்டுகிறதே!

மார்கழியிலும் வருவதாகப் பையன் சொல்லியிருக்கிறான். அதே கடைக்குத்தான் போகவேண்டுமாம்.