சேமக்காலையில் ஒரு தெறி

கல்லறையருகே கிடைக்கும் பொருள் உள்ளே துயில்பவருடையதாகத்தான் இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. இதை எனக்கு உணர்த்தியது ஒரு பித்தளைப் பொத்தான். எங்கள் பேச்சுவழக்கில் தெறி.

திருகோணமலை எஸ்பிளனேட் அருகேயுள்ள பழைய ஆங்கிலேயர் சேமக்காலையில் புல் வெட்டியவர் அதைக் கண்டெடுத்தார். பெயர் பாதி அழிந்த, 1850களைச் சேர்ந்த கல்லறை அது. "செத்த வெள்ளைக்காரன்ர சட்டைத் தெறி, ஐயா" என்றார். துடைத்துப் பார்த்தேன். கயிறு சுற்றிய நங்கூரம், அதன்மேல் கிரீடம்.

பிரித்தானியக் கடற்படை அதிகாரிகளுக்கு 1748இல் சீருடை வந்தது. சாதாரண மாலுமிகளுக்கோ 1857இல்தான். பொத்தானின் நங்கூரத்தின்மேல் கிரீடம் ஏறியது 1812இல். அந்தக் கிரீடத்தின் வடிவம்தான் காலத்தைக் கூறும். 1901இல் ஏழாம் எட்வர்ட் அரியணை ஏறியபின் வந்த கிரீடத்தின் வளைவுகள் குவிந்து மேலெழும். 1952இல் இரண்டாம் எலிசபெத் அரசியானபின் வந்ததில் நடுப்பகுதி பள்ளமாகத் தாழும். என் கையிலிருந்தது குவிந்த கிரீடம். கல்லறைக்குரியவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே அந்தப் பொத்தான் செய்யப்பட்டிருக்கிறது!

அப்படியானால், அந்தச் சீருடையை அணிந்த ஒருவர் அங்கே வந்து நின்றிருக்கிறார். சிங்கப்பூர் 1942 பெப்ரவரியில் வீழ்ந்தபின் இந்துசமுத்திரத்தில் பிரித்தானியருக்கு எஞ்சிய பெருந்துறைமுகங்களுள் ஒன்று திருகோணமலை. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அந்தப் போரில் மாண்ட பலர் நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்தில் துயில்கின்றனர். 1957இல் கடற்படைத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது.

இதே சேமக்காலையில்தான் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, ரியர் அட்மிரல் சார்ல்ஸ் ஆஸ்டினும் அடக்கமாகியுள்ளார். 1852 ஒக்ரோபரில் பர்மாவின் ஐராவதி நதியில், கப்பலிலேயே அவர் உயிர்பிரிந்தது. அக்காவின் புகழால் அவரைத் தேடி இன்றும் ஆட்கள் வருகிறார்கள். பாதிப் பெயருடன் கிடக்கும் அந்த மாலுமியைத் தேடி, எவரென்று அறியாத ஒருவர் வந்துபோனதற்கு இந்தத் தெறி ஒன்றே சாட்சி.

எமது 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்களையே தொல்பொருளாகக் கொள்கிறது. எனவே இது வெறும் பித்தளை. எடுத்துச் சென்று விற்பவர்களும் உண்டு. ஆனால் இடத்தைவிட்டு அகன்றால், இது ஆயிரமாயிரம் கடற்படைப் பொத்தான்களுள் ஒன்று, அவ்வளவே. கல்லறையோடு சேர்ந்திருக்கும்போதுதான் இதற்கு ஒரு கதை உண்டு. ஆகவே கிடைத்த இடம், நாள், கல்லறையின் அடையாளம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி, பொத்தானுடன் சேர்த்துச் சேமக்காலையைப் பராமரிப்பவரிடம் ஒப்படைத்தேன்.

விடுமுறைக்கு ஊர் வரும் புலம்பெயர்ந்த உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் பழைய மயானங்களைப் பாருங்கள், படம் எடுங்கள். மண்ணில் கிடப்பது மட்டும் மண்ணிலேயே கிடக்கட்டும்.