நாவல் ஒன்று அச்சேறிய வரலாறு

தலைநகரில் வாழும் தமிழர் ஒருவர் நாவல் எழுதுகிறார் என்று கேள்விப்பட்டால், எதிர்ப்படுவோர் பெரும்பாலும் இரண்டு வினாக்களையே வினவுவர். “எந்தப் பத்திரிகையில் வருகிறது?” என்பது முதலாவது. “என்ன கிடைக்கும்?” என்பது இரண்டாவது. சங்கத்து விழாக்களிலும் திருமணப் பந்திகளிலும் பல ஆண்டுகளாக இவ்விரு வினாக்களையும் கேட்டு வந்த யாம், எம் அனுபவத்தைக் கொண்டு விடை கூற இங்கு முற்படுகிறோம். நம் இல்லங்களில் எழுத்தார்வம் உடைய இளைஞர் சிலர் உளர். அவர்கட்கு இது ஓரளவேனும் பயன்படக்கூடும்.

முதல் வினாவைக் கேட்பவர்கள் பழைய காலத்தை மனத்திற்கொண்டே கேட்கிறார்கள். தமிழில் நாவல் என்னும் வடிவம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தோடு 1879-இல் நூலாகவே பிறந்தது. ஆயினும் அடுத்த தலைமுறைக்குள் அது பத்திரிகையின் மடியில் ஏறிவிட்டது. இராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்த பின்னரே நூலுருப் பெற்றது. 1950-இல் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கிய பின் நிகழ்ந்ததை யாவரும் அறிவர். வாரந்தோறும் இதழைப் பிரித்துத் தொடர்கதைத் தாள்களை மட்டும் எடுத்து அடுக்கி, ஊசி நூலால் தைத்துப் பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் எண்ணற்றவை. எம் சிற்றப்பா வீட்டுப் பரணில் அத்தகைய கட்டுகள் பதினொன்று இருந்தன. ஓரத்தில் சோப்பு விளம்பரமும் நடுவில் சோழ நாடுமாக யாம் படித்த முதல் நாவல்கள் அவையே.

அக்காலத்தில் பத்திரிகை ஆசிரியரின் இசைவு ஒன்றே எழுத்தாளனுக்கு வாயில். அவர் இசைந்தால் பல்லாயிரம் வாசகர் ஒரே வாரத்தில் கிட்டுவர். அதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு வாரமும் கதையை ஓர் ஆவல் முனையில் நிறுத்தியாக வேண்டும். அந்த வாயில் இன்று பெரிதும் குறுகிவிட்டது. ‘கல்கி’ இதழே 2020-இல் அச்சை நிறுத்தி இணையத்திற்குச் சென்றது. ஆகவே “எந்தப் பத்திரிகை?” என்ற கேள்விக்கு, “அந்த வீதியில் இப்போது கடைகள் குறைவு” என்பதே எம் விடை.

பத்திரிகைக்கு அடுத்தபடியாகப் பதிப்பகத்தைத் தாங்கியது நூலகம். 1948-ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியாக, சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்பட்டது. அத்தொகையிலிருந்து நூல்கள் வாங்கப்பட்டன. ஒரு நூலுக்கு முதற் பதிப்பு 1,200 பிரதிகள் என்ற வழக்கம் ஏற்பட்டதற்கு அந்தக் கொள்முதலும் ஒரு காரணம். நூலக ஆணை வந்தால் காகிதக் கடன் தீரும். வராவிட்டால் கட்டுகள் கிடங்கிலேயே கிடக்கும். 1977-இல் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்கிய பிறகு, பதிப்பாளரின் ஆண்டுக் கணக்கு தை மாதத்தைச் சுற்றியே அமைந்தது. இன்றும் மார்கழியில் அச்சகங்கள் உறங்குவதில்லை.

இனி எம் கதைக்கு வருவோம். யாம் 1998-இல் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகத் தில்லிக்கு வந்து சேர்ந்தோம். பகலெல்லாம் கோப்புகளில் ஆங்கிலமும் இந்தியும்; மாலையில் பேருந்து நெரிசல். எமக்கென்று கிடைத்தது விடியற்காலை நான்கரை முதல் ஆறரை வரையிலான இரண்டு மணி நேரமே. ஜனவரிக் குளிரில் விரல்கள் பேனாவைப் பிடிக்க மறுக்கும். தேநீர்க் கோப்பையில் கையைச் சூடேற்றிக்கொண்டு எழுதுவோம். ஜூன் மாதத்தில் மின்சாரம் நின்றுவிடும். தாளில் வியர்வை சொட்டும். இவ்வாறு ஏழு ஆண்டுகளில் 31 அத்தியாயங்கள் முடிந்தன. பணி ஓய்வு பெற்ற ஒருவர் ஊர் திரும்புவதா, பிள்ளைகள் வளர்ந்த தில்லியிலேயே தங்குவதா என்று கலங்குவதே கதையின் பொருள். தில்லித் தமிழரை எழுதுவது புதுமையன்று. ஆதவனும் இந்திரா பார்த்தசாரதியும் இந்நகரத் தமிழரை நாவல்களில் வடித்துக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் நடந்த பாதையில் யாமும் சில அடிகள் வைக்க விழைந்தோம்.

கையெழுத்துப் பிரதியைக் கணினியில் ஏற்றி மூன்று பதிப்பாளர்களுக்கு அனுப்பினோம். முதலாமவர் பதினெட்டு மாதங்கள் விடையளிக்கவில்லை. பின்னர், நூலகக் கொள்முதல் உறுதியாகத் தெரியாத நிலையில் புதியவரை வெளியிட இயலாது என்று பணிவோடு எழுதினார். இரண்டாமவர், நூல் வெளிவர வேண்டுமானால் 300 பிரதிகளை யாமே விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். மூன்றாமவர் நாவலை மெய்யாகவே படித்திருந்தார். அதற்கு யாம் என்றும் நன்றியுடையோம். “எல்லாம் நன்று. ஆனால் கதையைக் கும்பகோணத்திற்கு மாற்றிவிடுங்கள். தில்லி என்றால் அங்குள்ளவர்களே வாங்குவதில்லை” என்றார் அவர்.

இந்த மூன்றாவது விடைதான் எம்மைப் பல இரவுகள் உறங்கவொட்டாமல் செய்தது. பனிமூட்டம் கவிந்த காலையில், மதர் டெய்ரிச் சாவடியின் முன் பால் தூக்கோடு வரிசையில் நின்று, பக்கத்திலிருக்கும் பஞ்சாபி அம்மையாரிடம் அரைகுறை இந்தியில் மருமகளைப் பற்றிக் குறைகூறும் மாமி எம் நாவலில் உண்டு. அவரைக் காவிரிக்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்தினால், அவருடைய பேச்சு போய்விடும்; பேச்சு போனால் அவரே போய்விடுவார். கதையை மாற்ற யாம் இசையவில்லை.

இரண்டாவது வினாவிற்கான கணக்கையும் ஈண்டு போட்டுப் பார்ப்போம். நூலின் விலை 300 ரூபாய். எழுத்தாளர் பங்கு வழக்கப்படி நூற்றுக்குப் பத்து. 1,200 பிரதிகளும் விற்றால் 36,000 ரூபாய் கிடைக்கும். நாளொன்றுக்கு இரண்டு மணியாக ஏழு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 5,100 மணி நேரம். ஆக, ஒரு மணி உழைப்புக்கு ஏழு ரூபாய். முதற் பதிப்பு 300 பிரதியாகச் சுருங்கினால் ஒரு மணிக்கு இரண்டு ரூபாய்கூடத் தேறாது. இதைக் கேட்டு எம் மனைவியார், “காலையில் எழுந்து நான்கு வீட்டுக்கு வாழைக்காய் வறுத்துக் கொடுத்தால் இதைவிட மிஞ்சும்” என்று சிரித்தார். பொருளுக்காக எழுத வருவோர் இக்கணக்கை முதலிலேயே அறிந்துகொள்வது நலம்.

எனினும் காலம் அடைத்த கதவுகளோடு சில சன்னல்களையும் திறந்திருக்கிறது. ஈய எழுத்தைக் கோத்து, ஃபாரம் ஃபாரமாக அடித்த நாளில் நூறு பிரதி அச்சிடுவது அறிவீனம். ஆயிரம் பிரதிக்குச் செய்யும் கோப்பு வேலையை நூறுக்கும் செய்தாக வேண்டும். இன்று தேவைக்கேற்ப அச்சிடும் இயந்திரம் பத்துப் பிரதியும் தரும். பிரதி ஒன்றின் அடக்கவிலை சற்றுக் கூடுதல். ஆனால் கட்டிலுக்கடியில் கட்டுகளை அடுக்கி வைக்கும் அவலம் இல்லை. கிண்டில் மின்னூலில் தமிழுக்கு 2016-இல் இடம் கிடைத்தது. கைப்பேசியில் தொடர்கதை வெளியிடும் செயலிகளும் வந்துள்ளன. அங்கே பத்திரிகை ஆசிரியர் இல்லை. அவருடைய நாற்காலியில் எண்ணிக்கை அமர்ந்திருக்கிறது. எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்று அது நாள்தோறும் சொல்லும். யாம் நான்கு அத்தியாயங்களை அங்கே இட்டுப் பார்த்தோம். ஐந்தாம் அத்தியாயம் எழுதும்போது, கதையைவிட அந்த எண்ணே எம் கண்முன் நின்றது. விலகிக்கொண்டோம். மனம் திடமுடைய இளைஞர்க்கு அது நல்ல களமாகவே அமையலாம்.

சொந்தமாகப் பதிப்பிப்பதை இழிவாகக் கருதுவோர் சி. சு. செல்லப்பாவை நினைத்துக்கொள்ள வேண்டும். 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய அப்பெருமகனார், தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்து சென்று கல்லூரிகளில் விற்றார். முதுமையில் ‘சுதந்திர தாகம்’ நாவலையும் தாமே வெளியிட்டார். அவர் மறைந்தபின், 2001-இல் அதற்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிட்டியது.

நம் போன்ற வெளிமாநிலத் தமிழர்க்கு மற்றொரு கவலை அஞ்சல். மலிவான பதிவுப் புத்தக அஞ்சல் முறை 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. நூலின் விலையில் பாதி அனுப்பும் செலவிற்கே போய்விடுமோ என்று அஞ்சினோம். 2025 மே முதல் நாள் தொடங்கிய ‘ஞான் போஸ்ட்’ முறை அவ்வச்சத்தைச் சிறிது தணித்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி என்று கட்டணம் வகுத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து நூல் வரவழைக்கும் இல்லங்கள் நால்வர் சேர்ந்து ஒரே கட்டாக வாங்கினால் செலவு பெரிதும் குறையும்.

இவை யாவற்றினும் பெரிய வினா எம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. எம் மகள் தமிழ் கற்பிக்கப்படாத பள்ளியில் படித்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள்; எழுத்துக் கூட்டி இரண்டு வரி படிப்பதற்குள் களைத்துவிடுவாள். எவள் வளர்ந்த நகரத்தைப் பற்றி ஏழாண்டுகள் எழுதினோமோ, அவளே அதைப் படிக்க இயலாள் என்றால் அந்நூல் யாருக்காக? ஒருநாள் இதை வாய்விட்டே கூறிவிட்டோம். அவள் சற்றும் தயங்காமல், “படிக்கத்தானே வராது, அப்பா? கேட்க வருமே! நீங்கள் வாசியுங்கள்” என்றாள்.

அன்றிரவே தொடங்கினோம். தெரு ஓசை புகாதிருக்க அலமாரிக் கதவுகளில் ரஜாய்களைத் தொங்கவிட்டு, அவளுடைய கைப்பேசியை எதிரே வைத்து, நாளைக்கு ஓர் அத்தியாயம் வீதம் 31 இரவுகளில் வாசித்து முடித்தோம். செவிக்கு நீளும் வாக்கியங்கள் எவை என்று அப்போது தெரிந்தது. நாற்பது பக்கங்களை வெட்டினோம். பால் சாவடி மாமியின் இந்தியைத் திருத்தியவளும் அவளே. “அப்படி யாரும் பேசமாட்டார்கள், அப்பா” என்று சொல்லிச் சொல்லித் திருத்தினாள். ஒலிப்பதிவை அவள் தன் தோழியர்க்கு அனுப்பினாள். தமிழ் படிக்கத் தெரியாத ஆறு பெண்கள், குருகிராமத்திற்கு மெட்ரோவில் செல்லும்போது எம் நாவலைக் கேட்டார்கள். அவர்களுள் ஒருத்தி, தன் தாத்தாவும் இவ்வாறே ஊருக்குப் போகாமல் இங்கேயே இருந்துவிட்டார் என்று எமக்குச் செய்தி அனுப்பினாள். பதிப்பாளரின் கடிதங்களால் நேர்ந்த சோர்வு அச்செய்தியால் நீங்கியது.

பின்பு நூலை யாமே அச்சிடத் துணிந்தோம். சர்வதேசத் தர நூல் எண்ணை மத்திய கல்வி அமைச்சின் இராஜாராம் மோகன் ராய் முகமை கட்டணமின்றித் தருகிறது. சங்க அன்பர்களிடம் முன்பதிவு கேட்டோம். 86 இல்லங்கள் பணம் கட்டின. 150 பிரதிகள் அச்சாயின. ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் ஒலிப்பதிவைக் கேட்பதற்கான கட்டக் குறியீடு உண்டு.

1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் வெளியிடுவோர் நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அளித்தல் வேண்டும். கல்கத்தாத் தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா, மும்பை ஆசியச் சங்க நூலகம், தில்லிப் பொது நூலகம் ஆகியவை அவை. நான்கு கட்டுகளையும் யாமே கட்டி, முகவரி எழுதினோம். தில்லிக்குரியதை மட்டும் அஞ்சலில் சேர்க்காமல், மகளை உடன் அழைத்துக்கொண்டு நேரில் சென்று கொடுத்தோம்.

இரண்டாவது நாவலின் மூன்றாம் அத்தியாயம் இப்போது நடைபெறுகிறது. எழுதியதை ஞாயிறுதோறும் மாலையில் எம் இல்லத்தில் வாசிக்கிறோம். தமிழ் பேசத் தெரிந்து, படிக்கத் தெரியாத பிள்ளைகள் தங்கள் வீட்டிலும் இருப்பின், அன்பர்கள் அவர்களைத் தயங்காமல் அனுப்பி வைப்பார்களாக.