கட்டி தட்டிய கோப்பை

போன வாரம் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தோம். மனைவி அங்கிருந்த மிஷினில் பட்டனை அழுத்தி ஒரு ராகி மால்ட் பிடித்து வந்தாள். முக்கால்வாசி குடித்த பிறகு கோப்பையைச் சாய்த்து என்னிடம் காட்டினாள். அடியில் சுண்டைக்காய் அளவில் இரண்டு கட்டிகள்.

"இது நீங்க பண்ணுன மிஷினுங்களா?" என்றாள்.

இல்லை. நான் ஓய்வு பெற்றே பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தேன். உள்ளே ஈரமே படாத மாவு. கூடவே ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது. இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

கோவையில் டீ, காபி மிஷின் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தேன். இந்த மிஷினுக்குள் நடப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பொடி ஒரு டப்பாவில் இருக்கும். அடியில் ஒரு திருகு சுற்றி, அளவாகப் பொடியைத் தள்ளும். அது ஒரு சின்னக் கிண்ணத்தில் விழும். அதே நேரம் பாய்லரிலிருந்து சுமார் 90 டிகிரி வெந்நீர் அந்தக் கிண்ணத்தில் சுழன்று இறங்கும். கிண்ணத்துக்குக் கீழே விப்பர் என்று ஒரு சின்ன விசிறி இருக்கும். எங்களுடையது நிமிஷத்துக்கு 12,000 சுற்று சுற்றும். அது அடித்துக் கலக்கிக் கோப்பையில் விடும். எல்லாம் எட்டு விநாடியில் முடிந்துவிடும்.

சர்க்கரைக்கும் இன்ஸ்டன்ட் காபிக்கும் இது போதும். அவை தண்ணீரில் கரைகிற சாமான்கள். பால் பவுடர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதிலுள்ள கொழுப்பு தண்ணீரை ஒட்டவிடாது. அதனால்தான் பவுடர் தயாரிப்பவர்கள் பொடியைச் சிறு மணிகளாகச் சேர்த்து, மேலே லெசித்தின் தெளித்து, 'இன்ஸ்டன்ட்' ஆக்கி விற்கிறார்கள்.

ராகி அந்த ஜாதியே இல்லை. ராகி மாவு தண்ணீரில் கரையாது. கலந்து மிதக்கும், விட்டால் அடியில் தங்கும், அவ்வளவுதான். 1999-ல் ஒரு பனியன் மில்லில் தொழிலாளிகளுக்கு ராகி மால்ட் கொடுக்க வேண்டும் என்று எங்களிடம் ஆறு மிஷின் வாங்கினார்கள். காபி டப்பாவில் ராகிப் பொடியைப் போட்டு, திருகை மட்டும் மாற்றிக் கொடுத்தோம். டிசைன் என்னுடையதுதான்.

பத்தே நாளில் புகார் வந்தது. கோப்பையில் கட்டி கட்டியாக விழுகிறது, டப்பா வாய் அடைத்துக்கொள்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். பொடி விழும் வாயில் களி மாதிரி அப்பியிருந்தது. மிஷினைக் கழுவுவது கேன்டீனில் வேலை செய்த ஒரு அம்மா. 'கிண்ணத்தைத் துடைத்துக் காயவைக்காமல் மாட்டுகிறார்கள், பயன்படுத்துவோர் தவறு' என்று சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

புகார் நிற்கவில்லை. மறுபடி போனபோதுதான் தெரிந்தது, அந்த ஒரு வரிக்காக அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலியைப் பிடித்திருந்தார்கள். அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. "நீங்களே இருந்து பாருங்க சார்" என்றார்.

இருந்தேன். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு என் கண் முன்னாலேயே கழுவி, துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் காயவைத்து மாட்டினார். முதல் நாலைந்து கோப்பை ஒழுங்காக வந்தது. அப்புறம் பார்த்தால், ஒவ்வொரு கோப்பைக்கும் வெந்நீர் ஆவி மேலே எழும்பி, பொடி விழும் வாயில் படுகிறது. இருபதாவது கோப்பைக்குள் வாய் அப்பிவிட்டது. துடைத்ததும் துடைக்காததும் காரணமே இல்லை.

அந்த அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். "ஏனுங்க சார், கொதிக்கற தண்ணியில மாவைக் கொட்டுனா கட்டி தட்டாம என்ன பண்ணும்? பச்சத்தண்ணியில கரைச்சு வெச்சுக்கிட்டுத்தானுங்க உலையில ஊத்தோணும்" என்றார்.

என் அம்மாவும் அப்படித்தான் கூழ் காய்ச்சினாள். தினமும் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஆனால் டிராயிங் போர்டு முன்னால் உட்கார்ந்தபோது அது நினைவுக்கே வரவில்லை. மாவில் இருப்பது ஸ்டார்ச். வெந்நீர் பட்டதும் மாவு உருண்டையின் மேல்பக்கம் உடனே பசையாகிவிடும். அந்தப் பசை உள்ளே தண்ணீரை விடாது. அதற்குப் பிறகு 12,000 சுற்று என்ன, இருபதாயிரம் சுற்றினாலும் கட்டி கட்டிதான்.

ஊருக்கு வந்து வரிசையை மாற்றினேன். முதலில் 40 மில்லி சுத்திகரித்த பச்சைத் தண்ணீர். அதில் பொடி விழும், விப்பர் அடிக்கும். திருகு நின்ற பிறகுதான் 80 மில்லி வெந்நீர். கடைசியில் கிண்ணத்தைக் கழுவிவிட இன்னும் 20 மில்லி வெந்நீர், அதுவும் அதே கோப்பைக்குத்தான். பொடி விழும் நேரத்தில் ஆவியே எழும்பாததால் வாய் அப்புவதும் போயிற்று. மிச்ச ஆவியை இழுக்க, கோப்பை நிரம்பிய பிறகும் பத்து விநாடி ஓடும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தோம். கோப்பையில் சூடு 70 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். குடிக்க அது போதும், ஆனால் மாவை வேகவைக்கப் போதாது. அதனால் முளைகட்டி, வறுத்து, பக்குவம் செய்த பொடிதான் போட வேண்டும் என்று மில்லுக்கு எழுதிக் கொடுத்தோம்.

எட்டு விநாடி இருபதானது. விற்பனைப் பிரிவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் புகார் நின்றது. அந்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வும் கிடைத்தது.

பழைய ரிப்போர்ட் தவறு, கோளாறு டிசைனில்தான் என்று மில்லுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மானேஜர் வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார். பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் கூலியை நானே அவர் கையில் கொடுத்திருக்கலாம். அதுவும் அப்போது தோன்றவில்லை. மூன்று மாதம் கழித்துப் போனபோது கேன்டீனில் வேறொரு அம்மா இருந்தார்.

ஆஸ்பத்திரியில் மனைவி கோப்பையைக் குப்பைத் தொட்டியில் போடப் போனாள். மிஷின் பக்கத்தில் துடைக்கும் துணியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். யாரோ அவளிடம் கட்டியைக் காட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய், "அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லீங்க" என்றேன்.