முகூர்த்தம் இல்லாத மாதங்கள்

திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரைத் தாண்டிய சிறிது நேரத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணில் படும். ஆர்க்காட்டு நவாபின் ஜாகிர்தார் ஒருவர் கட்டியது. 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபை முன்னிறுத்தி மோதிக்கொண்டது இந்த வாலிகண்டபுரத்து மண்ணில்தான். வருகிறவர்கள் அகழியையும் மதிலையும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் சமயமும் இசையும் கலையும் சேர்ந்த ஆய்வுக்கு இந்த வட்டாரத்தில் கிடக்கும் சரக்கு ஒரு பல்கலைக்கழகத் துறைக்கே போதும். திருப்புகழ் பெற்ற வாலிகண்டபுரம் கூப்பிடு தூரம். சம்பந்தர் பாடிய கீழப்பழுவூர், சுந்தரர் பாடிய திருமழபாடி, வீரமாமுனிவர் கலம்பகம் பாடிய ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயம் எல்லாம் பக்கத்து அரியலூர் மாவட்டத்தில். கங்கைகொண்ட சோழபுரத்தைச் சொல்லவே வேண்டாம்.

இவற்றை ஆராய வருகிறவருக்குச் சோறு போடுவது யார்?

தமிழிசை ஆய்வின் தொடக்கத்தில் அதற்குப் பதில், ஆய்வாளரின் சொந்தப் பணம். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சித்த மருந்து விற்ற வருமானத்தில்தான் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1917-இல் ‘கருணாமிர்த சாகர’த்தை அச்சிட்டார். பிறகு பல்கலைக்கழகங்கள் வந்தன. இந்த வட்டாரத்துக் கல்லூரிகள் சேர்ந்திருக்கும் பாரதிதாசன் பல்கலைக்கழகம் செய்த ஒரு காரியத்தை நன்றியோடு நினைக்க வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய தமிழிசை ஆய்வாளர் வீ.ப.கா. சுந்தரத்துக்கு இடமும் காலமும் கொடுத்து, நான்கு தொகுதிகளாகத் ‘தமிழிசைக் கலைக்களஞ்சிய’த்தை வெளிக்கொண்டு வந்தது. ஓய்வுபெறும் வயதைக் காரணம் காட்டிக் கதவை அடைத்திருந்தால் அந்தக் களஞ்சியம் நமக்கு இல்லை.

கடல் கடந்தும் போக்குவரத்து நடந்தது. புல்லாங்குழல் டி. விசுவநாதன் 1958-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். சில ஆண்டுகளில் அமெரிக்கரான ஜான் ஹிக்கின்ஸ் அதே உதவித்தொகையில் சென்னைக்கு வந்து, திருவையாறு ஆராதனையில் பாடினார். பின்பு பரதநாட்டிய இசையை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். பாடத் தெரிந்தவர் ஆராய்ந்தார் என்பதுதான் அதில் விசேஷம்.

இன்று பெரம்பலூர்ப் பிள்ளைகளுக்கு எட்டும் கதவுகள் இரண்டு. ஒன்று, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நெட் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை. இசை, நிகழ்த்துகலை, சமய ஒப்பாய்வு எல்லாமே அந்தத் தேர்வில் தனிப் பாடங்கள். 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. மற்றொன்று, மத்திய கலாசார அமைச்சகம் தன் கலாசார வள, பயிற்சி மையமான சிசிஆர்டி மூலம் தரும் உதவித்தொகை: 25 வயதிலிருந்து 40 வரையுள்ளோருக்கு மாதம் 10,000, நாற்பதைக் கடந்தவர்களுக்கு 20,000, இரண்டு ஆண்டுகளுக்கு. இது மாதா மாதம் வராது, ஆறு மாதத்துக்கு ஒரு தவணை. குடும்பம் வைத்திருப்பவருக்கு இந்த இடைவெளி சாதாரணமானதல்ல.

ஆனாலும், களத்தில் இறங்கியவர்கள் பணத்தைவிட அதிகம் தடுமாறுவது நாட்காட்டியில்தான். விண்ணப்பத்தோடு தரும் திட்டத்தில் ‘முதல் ஆறு மாதம் தரவு சேகரிப்பு’ என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எந்த ஆறு மாதம்? சிறுவாச்சூர் மதுர காளியம்மன் கோயிலில் நடை திறப்பதே திங்களும் வெள்ளியும், மற்றபடி விசேஷ நாட்களும்தான். புதன்கிழமை பை நிறையக் கேள்வியோடு போய் நின்றால் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடிக்க வேண்டியதுதான்.

நாதசுரக்காரர்களைத் தேடிப் போகிறவர் பாடு இன்னும் நுட்பமானது. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் அவர்கள் கல்யாண வீட்டில் இருப்பார்கள். உட்கார்ந்து பேசக் கிடைப்பது முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும்தான். ஆடியில்கூடப் பறைக்காரர்களைப் பிடிக்க முடியாது. அம்மன் கோயில்கள் அவர்களை விடாது. ஆக, கேட்கும் மாதம் வேறு, பார்க்கும் மாதம் வேறு.

பார்ப்பதும் கேட்பதும் ஏன் தனித்தனியாக வேண்டும் என்பதற்கு மல்லாரியே சாட்சி. சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் வாசிக்கும், சாகித்தியம் இல்லாத உருப்படி அது. தளிகைக்கு ஒன்று, தேருக்கு ஒன்று என்று வகை உண்டு. வீட்டுத் திண்ணையில் கேட்டால் வித்வான் சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்தி, ஊதிப் பார்த்து, பொருத்தி, இரண்டு நிமிடம் வாசித்துக் காட்டுவார். பதிவு சுத்தமாக இருக்கும். அதே தேர் மல்லாரி தெருமுனையில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். முட்டுக்கட்டை போட்டுத் தேர் நின்றால் தவில்காரர் காலம் மாற்றுவார், நாதசுரக்காரர் அவர் விரலைப் பார்த்தே நீட்டுவார். வடம் அசைந்ததும் இருவரும் ஒரே இடத்தில் வந்து சேர்வார்கள். திண்ணைப் பதிவில் இருப்பது மெட்டு. சடங்கு எப்படி இசையை நடத்துகிறது என்பது தெருவில்தான் தெரியும். சமயமும் இசையும் ஒரே தலைப்பில் வர வேண்டியதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. அதைப் பார்க்க ஆண்டுக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். மழை வந்தால் அடுத்த ஆண்டு. இரண்டே ஆண்டு உதவித்தொகையில் இது பெரிய இழப்பு.

அதனால், பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்ட கால அட்டவணையே நல்ல ஆய்வுத் திட்டத்தின் முதல் அடையாளம். தேர்வுக்குழுவில் உட்காருபவர்களும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, மனசை உறுத்துவது. ஆய்வாளருக்கு உதவித்தொகை உண்டு, வழிகாட்டிக்குச் சம்பளம் உண்டு. வேலையைக் கெடுத்துக்கொண்டு நாள் முழுக்க வாசித்துக் காட்டிய கலைஞருக்கு ஒரு சால்வை. இது நியாயமில்லை. எதிர்பாராச் செலவு என்ற கணக்கில் பேருந்துக் கட்டணத்துக்கும் நகலெடுப்பதற்கும் இடம் இருக்கும்போது, கலைஞர் மதிப்பூதியம் என்று தனியாக ஒரு வரி சேர்ப்பதில் பல்கலைக்கழகங்களுக்கு என்ன சிரமம்?

பதிவுகள் எங்கே போகின்றன என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. வெளிநாட்டு ஆய்வாளர்கள் இங்கே பதிவுசெய்தவை இந்தியாவிலும் கிடைக்க வேண்டும் என்றே 1982-இல் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் ஓர் இசையியல் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியது. நம் பிள்ளைகள் எடுக்கும் பதிவுகளோ ஆய்வேடு முடிந்ததும் பழைய செல்பேசியோடு அழிகின்றன.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் முதுகலை முடித்துவிட்டுத் தலைப்பு தேடும் தம்பி தங்கைகள், நூலகப் பட்டியலைப் புரட்டும் முன் உங்கள் ஊர்க் கோயிலில் வாசிப்பவரைப் போய்ப் பாருங்கள். அவருக்கு எந்த மாதம் ஒழியும் என்று கேட்டு, அதற்கேற்ப விண்ணப்பம் எழுதுங்கள். ஆய்வு முடிந்ததும் பதிவின் ஒரு படியை அவர் வீட்டிலும், இன்னொன்றை ஊர் நூலகத்திலும் கொடுத்துவிட்டு வாருங்கள்.