கௌபாய் பூட்ஸ்: காலைப் பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸுக்கு மேற்கே இருக்கிறது ஃபோர்ட் வொர்த். ‘மாட்டு ஊர்’ என்பது அதன் பட்டப்பெயர். அங்குள்ள பழைய மாட்டுச்சந்தைப் பகுதியான ஸ்டாக்யார்ட்ஸில், காலை 11.30 மணிக்கும் மாலை 4 மணிக்கும் செங்கல் பாவிய தெருவில் லாங்ஹார்ன் மாடுகளை ஓட்டிக் காட்டுகிறார்கள். ஒரு கொம்பு நுனியிலிருந்து மறு நுனி வரை 6 அடியைத் தாண்டும் மாடுகள் இந்த இனத்தில் உண்டு. காங்கேயம் காளைகளைப் பார்த்துப் பழகிய எனக்கே மலைப்பாக இருந்தது.

மாடுகளுக்குப் பின்னால் குதிரையில் வந்தவர்களின் கால்களைக் கவனித்தேன். எல்லோரும் முழங்காலுக்குக் கீழ் வரை உயர்ந்த தோல் பூட்ஸ் போட்டிருந்தார்கள். அது அலங்காரம் அல்ல, வேலைக் கருவி. நம் கலப்பையும் மண்வெட்டியும் போல, தேவை பார்த்து உருவானது.

மாடு ஓட்டிய பாதையில் பிறந்தது

1865-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸில் மாடுகள் ஏராளம், விலை இல்லை. வடக்கே கான்சாஸ் மாநிலத்தில் ரயில் இருந்தது. 1867 முதல் அங்குள்ள அபிலீன் ஊர் வரை மந்தை மந்தையாக மாடுகளை ஓட்டிச் சென்றார்கள். வாரக்கணக்கில் சேணத்தின் மேலேயே பகல் கழியும். 1880-களில் ரயிலும் முள்கம்பி வேலியும் வந்து அந்தப் பாதைகளை முடித்துவைத்தன.

அந்தப் பாதையில் ரெட் ஆற்றங்கரையில் இருந்த ஸ்பானிஷ் ஃபோர்ட் என்ற சிற்றூரில், 1879-ல் எச்.ஜே. ஜஸ்டின் என்பவர் பூட்ஸ் தைக்கத் தொடங்கினார். பிறகு, வீட்டிலேயே காலை அளந்து தபாலில் அனுப்பும் முறையையும் அந்தக் குடும்பம் கொண்டுவந்தது. நிறுவனம் 1925-ல் ஃபோர்ட் வொர்த்துக்கே வந்துவிட்டது.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வேலை

சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையத்தை அங்கவடி என்கிறோம். குதிரை மிரண்டு ஆளைத் தள்ளிவிட்டால், கால் அங்கவடியில் சிக்கிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. ஓடும் குதிரை ஆளைத் தரையில் இழுத்துக்கொண்டே போகும். உயிர் போய்விடும். இந்த பூட்ஸின் அமைப்பில் பாதி இதற்காகத்தான்.

ஒன்றரை முதல் 2 அங்குல உயரமுள்ள குதி, கால் அங்கவடிக்குள் முழுதாக நுழைந்துவிடாமல் தடுக்கிறது. வழவழப்பான தோல் அடிப்பாகம் சட்டென வழுக்கி வெளியே வர உதவுகிறது. லேஸ் கிடையாது, பூட்ஸ் சிக்கினாலும் கால் உருவிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பதே கணக்கு. உயரமான மேல்பாகம் சேணத்தின் வார் உராய்வதையும், பாம்புக்கடியையும், முள் கிழிப்பதையும் குறைக்கிறது. டெக்சாஸ் மேய்ச்சல் நிலமெங்கும் முள் மரம்தான். மெஸ்கீட் என்கிறார்கள். நம் கண்மாய்களை அடைத்துக்கொண்டிருக்கும் சீமைக் கருவேலத்தின் பங்காளி அது.

‘வளர்கிற பிள்ளைதானே!’

என் பேத்திக்கு 11 வயது. அங்கே குதிரை சவாரி வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். அவளுக்கு பூட்ஸ் வாங்க மகளோடு ஒரு கடைக்குப் போனேன். “வளர்கிற பிள்ளை. ரெண்டு சைஸ் பெருசா எடுத்தா அடுத்த வருஷமும் ஆகும், இல்லப்பா?” என்றாள் மகள். நம் வீடுகளில் பள்ளிச் சீருடையும் செருப்பும் வாங்கும் கணக்கு அதுதானே!

அளவு பார்த்த பெரியவர் தலையை ஆட்டி மறுத்தார். பெரிய பூட்ஸுக்குள் குழந்தையின் கால் ஆடினால், அங்கவடியை அழுத்திப் பிடிக்க முடியாது. பிள்ளை நிலை தடுமாறும். பூட்ஸ் அகலமாக இருந்தால் சிறுவர் அங்கவடியில் இறுகிச் சிக்கவும் செய்யும். “காசை மிச்சம் பிடிக்க வேறு வழி இருக்கிறது. பிள்ளைகளின் பூட்ஸ் தேய்வதற்கு முன்பே சிறிதாகிவிடும். பழையதில் நல்லதாகத் தேடுங்கள்” என்றார். புதியதை விற்க வேண்டிய மனிதர் இப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதே வாரம், ஒரு பழைய பொருள் கடையில் அவள் காலுக்குச் சரியான ஜோடி கிடைத்தது.

அவர் சொல்லிக்கொடுத்த சோதனைகள்:

• மாலையில் அளவு பாருங்கள். பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். சவாரிக்குப் போடும் சாக்ஸையே அணிந்து பாருங்கள்.

• பெருவிரலின் அடி மூட்டு, பூட்ஸின் அகலமான இடத்தில் அமர வேண்டும். விரல்கள் முனையில் இடிக்கக் கூடாது.

• பாதத்தின் மேல்புறம் இறுக்கமாக, ஆனால் வலிக்காமல் பிடிக்க வேண்டும். லேஸ் இல்லாததால் பூட்ஸைக் காலோடு நிறுத்துவது அந்த இடம்தான்.

• புதிய பூட்ஸில் நடக்கும்போது குதிகால் 1/4 அங்குலம் எழும்பினால் தவறில்லை. அடிப்பாகம் வளையப் பழகியதும் அது குறையும். அதற்கு மேல் எழும்பினால் வேண்டாம்.

• தோல் அகலத்தில் சற்று இளகும், நீளத்தில் இளகாது. நீளம் குறைந்ததை ‘போகப் போகச் சரியாகும்’ என்று வாங்கக் கூடாது.

• அங்கவடி, பூட்ஸைவிட சுமார் 1 அங்குலம் அகலமாக இருக்க வேண்டும்.

• ஆழமான பள்ளமும் மேடும் கொண்ட ரப்பர் அடிப்பாகம் சவாரிக்கு ஆகாது, அங்கவடியில் மாட்டிக்கொள்ளும்.

• பழைய பூட்ஸானால், குதி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா, அடித்தையல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள். நெருப்பும் கடும் வெயிலும் தோலை வெடிக்கச் செய்யும்.

பூட்ஸ் சரியாக இருந்தாலும், தலைக்கவசம் இல்லாமல் பிள்ளையைக் குதிரையில் ஏற்றவில்லை.

நம்மில் பலருக்குக் குதிரை சவாரி இல்லை. ஆனால், பாம்புக்குப் பயந்து கரும்புத் தோட்டத்துக்கும் நெல் வயலுக்கும் கம்பூட் வாங்குகிறோம். வீட்டுக்கு ஒரு ஜோடி வாங்கி, எல்லோரும் மாற்றி மாற்றிப் போடுவதும் உண்டு. தொளதொளவென்று இருக்கும் கம்பூட், சேற்றில் கால் எடுத்தால் அங்கேயே நின்றுவிடும். இறுக்கமானது கொப்புளம் போடும். இரண்டு நாளில் அது மோட்டார் கொட்டகை மூலைக்குப் போய்விடும். நாம் வெறுங்காலோடு வயலில் இறங்குவோம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, வேலை செய்யப்போகிறவரையே கூட்டிப்போங்கள். போட்டு, பத்து அடி நடந்து, ஒரு முறை குந்தி எழுந்து பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.