நின்றுபோன பத்திரிகையின் பெயருக்கு என்ன விலை?

2010 ஆம் ஆண்டில் பேஸ்புக் நிறுவனம் இரண்டே இரண்டு ஆங்கில எழுத்துகளைக் கொண்ட ‘எப்பி டொட் கொம்’ என்ற இணைய முகவரியை அமெரிக்கப் பண்ணையாளர் சம்மேளனத்திடமிருந்து 85 இலட்சம் டொலர்களுக்கு வாங்கியது. அதற்கும் முன்னர், 1997 இல் ஒன்றரை இலட்சம் டொலர்களுக்குக் கைமாறிய ‘பிஸ்னஸ் டொட் கொம்’ இரண்டு வருடங்களில் 75 இலட்சம் டொலர்களுக்கு விலைபோனது. நிலம் இல்லை, கட்டிடம் இல்லை, அச்சு இயந்திரம் இல்லை. விற்கப்பட்டது ஒரு பெயர் மாத்திரமே.

ஆள்களப் பெயர் என்று நாம் அழைக்கின்ற இந்த முகவரிகளுக்கு விலை மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களது கணக்கு அவ்வளவு மர்மமானதல்ல. முதலில் எழுத்துகளின் எண்ணிக்கை. இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 676 பெயர்களையும் மூன்றைச் சேர்த்து 17,576 பெயர்களையும் மாத்திரமே உருவாக்கமுடியும். ‘டொட் கொம்’ என்று முடிகின்ற அவையெல்லாம் எப்போதோ எவராலோ பதிவுசெய்யப்பட்டுவிட்டன. அடுத்து, சொல்லுக்குப் பொருள் உண்டா, வாயால் சொன்னால் பிழையின்றி எழுதமுடியுமா, அதையொத்த பெயர்கள் முன்னர் என்ன விலைக்குப் போயின என்று பார்ப்பார்கள். நொடியில் ஒரு தொகையைச் சொல்லிவிடும் கணினி நிரல்களும் உண்டு. ஆனால், குறிப்பிட்ட பெயர்தான் வேண்டும் என்று ஒருவர் வந்து நிற்கும்வரை அந்தத் தொகைக்கு அர்த்தம் எதுவும் இல்லை. பிறருடைய பிரபலமான பெயரை விற்றுப் பணம் பார்க்கும் நோக்குடன் பதிவுசெய்பவர் அதை இழக்கவும் நேரிடலாம். பாடகி மடோனா தனது பெயரிலான முகவரியை 2000 ஆம் ஆண்டில் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் தீர்ப்பின் மூலமாகவே பெற்றுக்கொண்டார்.

இந்த விபரங்களையெல்லாம் நான் தேடிப்படிக்க நேர்ந்ததற்குக் காரணம் புலம்பெயர்ந்து வாழும் பழைய சகபாடி ஒருவர். ஒரு காலத்தில் அவர் தமிழ் வாரப்பத்திரிகை ஒன்றை நடத்தினார். பத்திரிகை நின்று பல வருடங்களாகிவிட்டன. இணையத்தளத்திலும் புதிதாக எதுவும் வருவதில்லை. ஆனால், பெயருக்கான கட்டணத்தை மாத்திரம் ஆண்டுதோறும் செலுத்திவருகிறார். “இதை விற்றால் ஏதாவது தேறுமா? நீர் விசாரித்துச் சொல்லும்” என்று கேட்டிருந்தார்.

சாதாரண கணக்கில் தேறாது. அதற்கு நமது மொழியே ஒரு காரணம். ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லை ரோமன் எழுத்தில் நாம் குறைந்தது நான்கு விதமாக எழுதுகிறோம். ‘ழ’ கரத்துக்கு ஒருவர் ‘எல்’ போடுவார், மற்றவர் ‘இசட் எச்’ போடுவார். தகரத்துக்குப் பின்னால் ‘எச்’ வருமா வராதா என்பதில் யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையே மாத்திரமல்ல, ஒரே ஆசிரிய பீடத்துக்குள்ளேயே உடன்பாடு இருந்ததில்லை. காதால் கேட்ட பெயரை வாசகர் எப்படித் தட்டெழுதுவார் என்று தெரியாதபோது வாங்குபவர் ஒன்றுக்குப் பதிலாக நான்கு பெயர்களை வாங்கவேண்டும். 2010 ஆம் ஆண்டிலேயே ‘.இலங்கை’ என்று தமிழில் முடிகின்ற முகவரிக்கு சர்வதேச அங்கீகாரம் கிடைத்துவிட்டது. ஆனாலும், சந்தையில் பெரும்பாலும் விலைபேசப்படுபவை ரோமன் எழுத்துப் பெயர்களே.

ஆனால், வேறொரு வகையான கொள்வனவாளர் இருக்கிறார். அவருக்குச் சொல்லின் அழகோ பொருளோ தேவையில்லை. எத்தனை நூலகங்கள், பல்கலைக்கழகங்கள், செய்தித்தளங்கள் அந்த முகவரிக்கு இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்பதை மாத்திரமே அவர் எண்ணுவார். பல வருடங்களாகச் செய்தி வெளியிட்டு ஒரு பத்திரிகை சம்பாதித்த நம்பிக்கை அந்த இணைப்புகளில் தங்கியிருக்கிறது. தேடுபொறிகள் அதை மதிக்கின்றன. அதனாலேயே, பத்திரிகை செத்த பிறகும் பெயருக்கு விலை இருக்கிறது. வாங்கியவர் அந்த இடத்தில் சூதாட்ட விளம்பரத்தைப் போட்டாலும் கேட்பதற்கு ஆள் இல்லை.

அமெரிக்காவில் பெண்கள் எழுதிய ‘த ஹெயார்பின்’ என்ற தளம் 2018 இல் மூடப்பட்டது. பின்னர் அதன் பெயரை வாங்கிய ஒருவர் செயற்கை நுண்ணறிவு எழுதிய கட்டுரைகளால் அதை நிரப்பியிருந்ததையும், விட்டுவைத்த பழைய கட்டுரைகளில் எழுதிய பெண்களின் பெயர்களை நீக்கிவிட்டு ஆண்களின் பெயர்களைப் போட்டிருந்ததையும் ‘வயர்ட்’ சஞ்சிகை 2024 ஜனவரியில் அம்பலப்படுத்தியது. அதே வருடம், 2015 இல் மூடப்பட்ட அப்பிள் கணினி பற்றிய செய்தித்தளம் ஒன்று மீண்டும் தோன்றியது. முன்னர் அதில் பணியாற்றிய செய்தியாளர்களின் பெயர்களின் கீழ் அவர்கள் எழுதாத கட்டுரைகள் வெளிவந்திருந்தன. வாழ்நாள் முழுவதும் தனது பெயருக்குக் கீழே வருகின்ற ஒவ்வொரு வரிக்கும் பொறுப்புக்கூறிய செய்தியாளர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேறு எதுவும் இருக்கமுடியாது.

நமது பத்திரிகைகளுக்கு இது நடந்தால் பாதிப்பு அதிகம். அச்சில் வந்த பழைய இதழ்கள் பலவற்றை 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் செயற்திட்டம் எண்ணிமப்படுத்தி வைத்திருக்கிறது. இணையத்தில் மாத்திரம் வெளிவந்த போர்க்காலச் செய்திகளின் கதி வேறு. ஒரு கிராமத்தின் மீது குண்டு வீழ்ந்த செய்தியை ஆய்வாளர் ஒருவர் அடிக்குறிப்பில் காட்டியிருக்கிறார் என்றால் அவர் காட்டியது அந்த முகவரியை. பெயர் கைமாறினால் அடிக்குறிப்பு சூதாட்டக் களரிக்கு இட்டுச்செல்லும்.

விற்கவேண்டாம், பத்து வருடங்களுக்குச் சேர்த்துப் புதுப்பியும் என்று சகபாடிக்கு எழுதினேன். ‘டொட் கொம்’ பெயர் ஒன்றை ஒரே தடவையில் பதிவுசெய்யக்கூடிய ஆகக்கூடிய காலம் அதுதான். வருடத்துக்குப் பெரிய தொகை எதுவும் செலவாகப்போவதில்லை.

காலம் தவறினால் பெயர் உடனே போய்விடுவதில்லை. புதுப்பிப்பதற்கு வழமையாகச் சில வாரங்கள் அவகாசம் உண்டு. அதன் பின்னர் கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்பதற்கு 30 நாட்கள். பிறகு ஐந்து நாட்களில் பெயர் நீக்கப்பட்டுவிடும். பல பெயர்கள் அதற்கு முன்னரே ஏலத்துக்குப் போய்விடுகின்றன. எச்சரிக்கைகள் எல்லாமே பதிவின்போது கொடுக்கப்பட்ட மின்னஞ்சல் முகவரிக்குத்தான் வரும். நமது பழைய தளங்களில் பலவற்றை ஆரம்பித்தவர்கள் இப்போது எழுபதைக் கடந்தவர்கள். சிலர் உயிருடனும் இல்லை. அந்த மின்னஞ்சல்களின் கடவுச்சொற்கள் எவரிடம் இருக்கின்றன என்று அவர்களது பிள்ளைகளிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.