ட்ரிபிள் பத்தல

எங்க அப்பாவுக்கு மைக் செட் தொழில். அருப்புக்கோட்டைப் பக்கம் கல்யாணம், சடங்கு, கோயில் பொங்கல் எதுவாக இருந்தாலும் மரத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, கீழே ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். 22 வருஷமாக இதுதான். இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலில் படிக்கும்போது "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டால் "சவுண்ட் இன்ஜினியர்" என்று சொல்லி வைப்பேன். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது பொய் மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர் மேல் ஒரு பழைய கோபம் உண்டு. தம்பி ஏதாவது சொன்னால் உடனே பதில் வரும். நான் சொன்னால் "என்ன?" என்பார். திரும்பச் சொன்னால் "வாயத் திறந்து பேசு பாப்பா" என்பார். மூன்றாவது தடவை நானே "ஒண்ணுமில்ல" என்று எழுந்து போய்விடுவேன். பொம்பளைப் பிள்ளை பேச்சு இந்த வீட்டில் எடுபடாது என்று ப்ளஸ் டூ படிக்கும்போதே முடிவு கட்டியிருந்தேன்.

கதை ஸ்பீக்கரைப் பற்றியது. அதற்கு வருகிறேன்.

ஐந்தாவது செமஸ்டர் லீவில் வீட்டுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் செய்யலாம் என்று ஆரம்பித்தேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் 3 இன்ச் ஃபுல் ரேஞ்ச் டிரைவர் ரெண்டு வாங்கினேன், 8 ஓம். ஃபுல் ரேஞ்ச் என்றால் பேஸுக்கு ஒன்று, ட்ரெபிளுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கிடையாது. ஒரே கோன் எல்லாவற்றையும் பாடும். நடுவில் கிராஸ்ஓவர் இல்லாததால் குரல் உடையாமல் ஒரே இடத்திலிருந்து வரும். பதிலுக்கு நாம் விட்டுக்கொடுப்பது அடிவயிறு அதிரும் பேஸ், கல்யாண மண்டபம் நிறையும் சத்தம் ரெண்டையும். ஒரு ஹாலுக்கு இது போதும்.

காகிதக் கோனைக் காயிலும் காந்தமும் ஆட்டும் இன்றைய ஸ்பீக்கரின் அடிப்படை வடிவத்தை ரைஸ், கெல்லாக் என்ற ரெண்டு இன்ஜினியர்கள் 1925-இல் வெளியிட்டார்கள். அதை எந்த அளவுப் பெட்டியில் போட்டால் எப்படிக் கேட்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் முறையை 1961-இல் தீலும், 1970-களில் ஸ்மாலும் கொடுத்தார்கள். தீல்-ஸ்மால் பாராமீட்டர் என்று நாம் சொல்வது அதைத்தான். நான் வாங்கிய டிரைவருக்கு டேட்டாஷீட் இல்லை. லேப்டாப், ஒரு ரெசிஸ்டர், கோனில் ஒட்ட 2 கிராம் களிமண், இவ்வளவை வைத்து நானே அளந்துகொண்டேன். எடை கூட்டினால் ரெசொனன்ஸ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் மற்றதெல்லாம் கணக்கில் வந்துவிடும்.

பெட்டி 12 மில்லிமீட்டர் பிளைவுட். உள் அளவு 11.6, 27, 16.5 சென்டிமீட்டர். டிரைவரும் குழாயும் அடைக்கும் இடம் போக சுமார் 5 லிட்டர். உள்விட்டம் 36 மில்லிமீட்டர் உள்ள பிவிசி பைப்பில் 10 சென்டிமீட்டர் வெட்டிச் சொருகினால் பெட்டி சுமார் 70 ஹெர்ட்ஸில் ட்யூன் ஆகும். காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரு சுருதி வருமே, அதே சங்கதிதான். உள்ளே தலையணைப் பஞ்சு கொஞ்சம்.

முதல் நாள் பாட்டுப் போட்டதும் அப்பா வந்து பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தார். "பின்பலகை பாடுது பாப்பா" என்றார். விரலால் தட்டிக் காட்டினார். நான் நம்பவில்லை. ஸ்வீப் ஓட்டிப் பார்த்தால் உண்மையிலேயே ஒரு இடத்தில் பலகை அதிர்ந்தது. பக்கத்துப் பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஒரு சட்டம் வைத்து ஒட்டினேன், நின்றுவிட்டது. கையால் கண்டுபிடித்துவிட்டாரே என்று எனக்கு ஆச்சரியம். "நல்லா பண்ணிருக்க" என்றார். பிறகு ஒன்று சொன்னார்: "ட்ரிபிள் பத்தல."

ட்ரெபிள் அவர் வாயில் எப்போதும் ட்ரிபிள்தான்.

அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. ஏனென்றால் என் பிரச்சினை நேர் எதிர். இந்த மாதிரி ஒல்லியான பெட்டிகளில் ட்ரெபிள் தூக்கலாகத்தான் கேட்கும். சின்ன அலைநீளங்களை முன்பலகை முன்னால் மட்டும் தள்ளும். பெரிய அலைநீளங்கள் பலகையைச் சுற்றிக்கொண்டு பின்னாலும் போய்விடும், அதனால் நம் பக்கம் கீழ்ச்சுருதி மெலிந்துபோகும். இதற்குப் பேஃபிள் ஸ்டெப் என்று பெயர். 115-ஐப் பலகையின் அகலத்தால், மீட்டரில், வகுத்தால் அது நடக்கும் இடம் தோராயமாகக் கிடைக்கும். என் பெட்டி 14 சென்டிமீட்டர் அகலம், ஆக சுமார் 820 ஹெர்ட்ஸ். சரிசெய்ய 1 மில்லிஹென்றி காயில் ஒன்றையும் 4.7 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து, அந்த ஜோடியை ஸ்பீக்கர் வயரில் தொடராகப் போட வேண்டும். கீழ்ச்சுருதி காயில் வழியாகத் தடையில்லாமல் போகும், மேலே உள்ளது ரெசிஸ்டர் வழியாகப் போய் 4 டெசிபல் குறையும்.

ராத்திரி 11 மணிக்கு மொட்டை மாடியில் ஸ்டூல் மேல் பெட்டியை வைத்து, 1 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளந்தேன். சுவர் எதிரொலி அங்கே குறைவு. கிராஃப் கூடக்குறைய 4 டெசிபலுக்குள் நின்றது. ஒரு 3 இன்ச் கோனுக்கு இதற்கு மேல் நான் ஆசைப்படக் கூடாது. தம்பியும் அம்மாவும் "சூப்பரா இருக்கு" என்றார்கள். அப்பா மட்டும் திரும்பவும், "ட்ரிபிள் பத்தல பாப்பா. துணி போட்டு மூடுன மாதிரி இருக்கு."

பின்பலகையில் சரியாகச் சொன்ன மனுஷன். அதனால் தள்ளிவிட முடியவில்லை. அவர் கட்டிலில் ஓரமாகச் சாய்ந்திருப்பார். 10,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3.4 சென்டிமீட்டர்தான், கோன் அதைவிடப் பெரிசு. அதனால் மேல்சுருதி டார்ச் லைட் மாதிரி நேராகத்தான் போகும், ஓரத்தில் இருப்பவருக்குக் குறையும். சரி என்று ரெண்டு பெட்டியையும் அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். "அதேதான்" என்றார். மூன்று ராத்திரி ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் போட்டேன். அதேதான்.

நாலாவது நாள் ஒரு யோசனை வந்தது. எந்த இடத்தில் குறைகிறது என்று அவரே காட்டட்டும். லேப்டாப்பில் ஒரே ஒரு சுருதியை மட்டும் போடுவேன், கேட்டால் கையைத் தூக்க வேண்டும். தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான்.

500. தூக்கினார். 1000. தூக்கினார். 2000. கொஞ்சம் யோசித்துத் தூக்கினார். 3000-க்கு வால்யூமைக் கூட்ட வேண்டியிருந்தது. 4000 போட்டேன். கை எழவில்லை. இன்னும் கூட்டினேன். தம்பி ரெண்டு காதையும் பொத்திக்கொண்டான். எனக்குப் பல் கூசியது.

அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னும் போடலையா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். "இல்லப்பா, வயர் லூஸ்" என்று சொல்லி மூடிவிட்டேன்.

என் கிராஃபில் கோளாறு இல்லை. ஸ்பீக்கரிலும் இல்லை. காதுக்குள் காக்ளியா என்ற சுருளில் மெல்லிய மயிர் செல்கள் இருக்கின்றன. பலத்த சத்தத்தில் அவை சாகும், செத்தால் நமக்குத் திரும்ப முளைக்காது. இரைச்சலில் வேலை பார்ப்பவர்களுக்கு முதலில் அடிபடுவது பெரும்பாலும் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரை. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குச் சொல்லப்படும் ஒரு வரம்பு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குக் கணக்குப் போட்டால் 15 நிமிஷம்தான் மிஞ்சுகிறது. அப்பா குழாய்க்குப் பக்கத்தில் மரக்கிளையில் உட்கார்ந்து, பாட்டு ஓட ஓட அதைத் திருப்பிக் கட்டுவதை நான் சின்ன வயதில் கீழே நின்று பார்த்திருக்கிறேன். கைதட்டியும் இருக்கிறேன்.

அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. நாம் பேசும்போது உயிரெழுத்துகளின் பலம் கீழ்ச்சுருதியில் இருக்கிறது. ச, ஸ, ஷ மாதிரி சத்தங்கள் மேல்சுருதியில் இருக்கின்றன. மேலே கேட்காதவருக்குப் பேச்சுக் கேட்கும், வார்த்தை விளங்காது. தம்பிக்குக் குரல் உடைந்து கட்டையாகிவிட்டது, நிதானமாகவும் பேசுவான். நான் மெல்லிய குரலில், பாதியை முழுங்கி, வேகமாகப் பேசுகிறவள். "வாயத் திறந்து பேசு பாப்பா" என்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். தம்பிக்குப் பைக் வாங்கிக் கொடுத்ததற்கும் காதுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் என் கோபத்தில் பாதிக்கு மேல் தப்பான அட்ரஸுக்குப் போயிருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு மாசம் ஆனது. "எனக்கென்ன செவிடா?" என்று ஒரே சண்டை. கடைசியில் ஆடியோகிராம் எடுத்தோம். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்த ஆள் மாதிரி இருந்தது. குறுக்கே ஹெர்ட்ஸ், நெடுக்கே டெசிபல், என் மொட்டை மாடி கிராஃப் போலவே. ஒரே வித்தியாசம், இதில் கேட்காமை கூடக்கூடக் கோடு கீழே இறங்கும். 1000 வரை பரவாயில்லை. 4000-இல் பள்ளம். டாக்டர் மிஷின் வைக்கலாம் என்றார். அப்பா "பார்ப்போம்" என்றிருக்கிறார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். மேற்கொண்டு கெடாமல் இருக்க, வேலைக்குப் போகும்போது காதில் ஃபோம் அடைப்பு வைக்க மட்டும் சம்மதித்தார்.

ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்தேன். போட்டால் காயில்-ரெசிஸ்டர் ஜோடி ஷார்ட் ஆகி, குறைத்த 4 டெசிபல் திரும்பி வரும். அப்பா கேட்கும்போது அப்படி, நாங்கள் கேட்கும்போது இப்படி. இது வைத்தியம் இல்லை. இல்லாத செல்லுக்கு 4 டெசிபல் என்ன செய்யும்? ஆனாலும் "இப்போ பரவால்ல" என்கிறார். நானும் இப்போது எதிரில் உட்கார்ந்து, முகம் பார்த்து, வாயைத் திறந்துதான் பேசுகிறேன்.

பங்குனியில் பக்கத்து ஊர் கோயில் பொங்கலுக்கு அப்பா மைக் செட். அவர் செட் கொஞ்சம் கீச்சென்று இருக்கும், காதைக் குத்தும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக "நீயும் வா பாப்பா" என்று கூப்பிட்டார். டெஸ்டிங் முடிந்ததும் ஸ்டூலைவிட்டு எழுந்து என்னை உட்கார வைத்தார்.

"நீ கேட்டு வை" என்றார்.

ட்ரெபிள் குமிழைக் கால் சுற்றுக் குறைத்தேன். அப்பா தலையைச் சாய்த்துக் குழாயைப் பார்த்துக் கேட்டார்.

"ட்ரிபிள் பத்தல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார்.